மெர்போக் சாலையும் நூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டரும்



சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் வழியாக மெர்போக்குக்கு வருகிறவர் எவராயினும் முதலில் காண்பது குனோங் ஜெராய் மலையைத்தான். கடலோரச் சமவெளியில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்துக்குத் தன்னந்தனியாக எழுந்து நிற்கிறது அது. பண்டைக்காலத்தில் மரக்கலம் ஏறி வந்தோருக்கு இந்த மலையே கரை காட்டும் அடையாளம். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டில் படையெடுத்த கடாரம் இந்த வட்டாரமே என்பது அறிஞர் பலரின் முடிவு. மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. அதன் அருகில் 1980-இல் திறக்கப்பட்ட தொல்பொருள் காட்சிசாலையும் இருக்கிறது. மாணவர்களை அங்கே சுற்றுலா அழைத்துப் போகாத ஆசிரியர் இந்தப் பக்கத்தில் அரிது.

ஆனால் இன்று நான் உங்களைக் காட்சிசாலைக்கு அழைக்கவில்லை. என் கால்களால் நான் அளந்த மெர்போக்கைக் காட்டப் போகிறேன். நாற்பதைத் தாண்டிய ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை, நீந்தி, சைக்கிள் மிதித்து, பிறகு ஓடும் பந்தயத்துக்குத் தன்னைத் தயார் செய்த கதை இது. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாமானில் எல்லாரும் சிரித்தாயிற்று.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 46 பேர் கலந்துகொண்ட போட்டியே இதன் தொடக்கம் என்பார்கள். 1978-இல் ஹவாயில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என்று ஒரு போட்டியை ஏற்படுத்தினார்கள். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். அதுதான் ‘அயன்மேன்’. அதில் சரிபாதி நடுத்தூரப் போட்டி: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டிப் பாருங்கள், 113 கிலோமீட்டர். இத்தனையையும் பொதுவாக எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

எங்கோ நடக்கும் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். நமது கெடா மாநிலத்து லங்காவியிலேயே 2000-ஆம் ஆண்டில் அயன்மேன் போட்டி தொடங்கியது. 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் நின்றுபோய், 2014-இல் மீண்டும் வந்தது. பின்னர் நடுத்தூரப் போட்டியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. குவாலா கெடாவில் பெர்ரி ஏறினால் தீவு!

நான் இதில் இறங்கியது பதக்க ஆசையால் அல்ல. என் அம்மா முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் நோய் அவருடைய வலது பாதத்தைக் கொண்டுபோயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு கிளினிக்கில் என் இரத்தத்தைச் சோதித்தபோது, மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 என்று வந்தது. “டீச்சர், நோய் இன்னும் வரல; ஆனா வாசலுக்கு வந்திருச்சு” என்றார் தாதி. 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நூற்றுக்கு முப்பதுக்கும் மேல். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று கணக்குச் சொல்லும்போது, அந்த ஒரு வீடு எங்கள் வீடாகவே இருந்துவிட்டது.

அன்று மாலை பள்ளித் திடலை நான்கு சுற்று நடந்தேன். நடை ஓட்டமாயிற்று. ஒரு பழைய சைக்கிள் வந்தது. நீச்சலை மட்டும் சுங்கைப்பட்டாணிக் குளத்தில், என் மாணவர் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து கற்க வேண்டியதாயிற்று. தோட்டத்தில் பிறந்த நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? ஆற்றோரம் வளர்ந்தும் தண்ணீர் நமக்கு அந்நியம்தான்.

மெர்போக் ஆறு நீந்துவதற்கான இடமல்ல. இருபுறமும் கண்டல் காடு, இடுப்பளவு சேறு, கடல் ஏறி இறங்கும்போது இழுக்கும் நீரோட்டம். தூப்பா அருவி அழகுதான். ஆனால் மலையில் மழை பிடித்தால் நொடியில் குணம் மாறிவிடும். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் பகுதியில் உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றி அங்கே அனுப்பாதீர்கள்.

சைக்கிளுக்கோ, மெர்போக்கைப் போல் ஓர் இடம் கிடையாது. விடியுமுன் புறப்பட்டால் செமிலிங், பீடோங், குருண். அங்கிருந்து வயல்வெளிகளுக்கு நடுவே யான். பிறகு சிங்கிர் வழியாகக் கடலோரமாகத் திரும்பி மெர்போக். மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடலாம். ஒருபக்கம் செம்பனை, ஒருபக்கம் எஞ்சியிருக்கும் ரப்பர், பின்பு கண்ணுக்கெட்டிய தூரம் நெல். சுற்றை முடித்த பிறகும் 90 நிரம்பாது; தஞ்சோங் டாவாய்வரை போய்த் திரும்ப வேண்டும். கருவாட்டு மணமும் பெலாச்சான் மணமும் வந்தால் தஞ்சோங் டாவாய் வந்துவிட்டது என்று பொருள். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா தெரியும். அங்கே ஒரு தே ஓ கோசோங் குடித்துவிட்டுத் திரும்பி மிதிப்பேன்.

லங்காவியில் முதன்முறை நான் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 8 நிமிடம். நீச்சல் 58 நிமிடம். சைக்கிள் 4 மணி 5 நிமிடம். ஓட்டம் 2 மணி 50 நிமிடம். மிச்சம் 15 நிமிடம் எங்கே போயிற்று? ஈர உடையோடு சைக்கிளைத் தேடியதிலும், காலணி மாட்டியதிலும், தொப்பியைத் துழாவியதிலும் போயிற்று. இந்த மாற்று நேரத்தையும் கடிகாரம் விடாமல் எண்ணும்.

அதற்கு வழி சொன்னவர் அம்மா. “மரம் வெட்டப் போற அன்னிக்கு ராத்திரியே கத்தி, கல்லு, வாளி, தலைவெளக்கு எல்லாத்தையும் எடுக்கிற வரிசையில வாசல்ல வச்சிருவேன். இருட்டுல கை தானா போகும்” என்றார். அப்படியே அடுக்கிப் பழகினேன். மறு ஆண்டு அந்த 15 நிமிடம் 11 ஆயிற்று. கூடுதல் வலிமை ஏதும் இல்லாமல் கிடைத்த நான்கு நிமிடம்!

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். ஐந்நூறு மரம் வெட்ட வேண்டியவர் முதல் நிரையிலேயே ஓடமாட்டார். கடைசி மரத்துக்கும் கை நடுங்காதபடி முதல் மரத்தை வெட்டுவார். நடுத்தூரப் போட்டியின் சூட்சுமமும் அதுதான். சைக்கிளில் துள்ளியவர் ஓட்டத்தில் நடப்பார். பசிக்குமுன் உண்ண வேண்டும். தாகத்துக்குமுன் பருக வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால்கள் மரக்கட்டையாக இருக்கும். அதைப் பழக்கவே வாரம் ஒருமுறை மிதித்து முடித்த கையோடு ஓடிப் பார்ப்பேன்.

இரண்டாம் முறை நேரம் 7 மணி 40 நிமிடம். 28 நிமிடம் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேட்டார்: “ஏண்டி, சம்பளம் கொடுத்தாக்கூட நாங்க இவ்வளவு ஓட மாட்டோம். நீ காசக் கட்டி ஓடுறியே, எத்தனையாவதா வந்தே?” எத்தனையாவது என்று எனக்கு நினைவில்லை. என்னைவிட நான் 28 நிமிடம் முந்தி வந்தேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பாதங்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், புண் ஏதும் இருக்கிறதா என்று.

வாசகர்களே, தன்னைத் தானே முந்துவது சின்னக் காரியமல்ல. டாக்டர் மணி ஜெகதீசன் 1966 ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற நம் வீரர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் இல்லை. ஆனால் அங்கே 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்த நேரம் தேசியச் சாதனையாக 2017 வரை, 49 ஆண்டுகள் நின்றது. 1982-இல் ஹவாயில் ஜூலி மோஸ் என்ற மாணவி, எல்லைக்கோட்டுக்குச் சில கெஜ தூரத்தில் கால் மடங்கி விழுந்தார். முதலிடம் பறிபோனது, ஆயினும் தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். வென்றவர் பெயரைவிட அவர் பெயரைத்தான் உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது.

மூன்றாம் முறை நான் ஏழரை மணிக்குள் முடிக்க எண்ணியிருந்தேன். ஓட்டத்தின்போது வெயில் தார்ச்சாலையை உருக்குவதுபோல் அடித்தது. முடிக்கும்போது மணி 7-ஐத் தாண்டி 43 நிமிடம். பழைய நேரத்துக்கு மூன்று நிமிடம் பின்தங்கிவிட்டேன். வருத்தம் இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அதற்கு அடுத்த மாதம் கிளினிக்கில் வேறொரு எண்ணைச் சொன்னார்கள்: 5.6. உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது என்று மருத்துவர் விளக்கினார். நான் துரத்த வேண்டிய எண் எது என்று அப்போது தெளிந்தது. கடிகாரத்தில் மூன்று நிமிடம் தோற்றவள், இரத்தத்தில் வென்றிருந்தேன்.

உங்களை லங்காவிக்கு வரச் சொல்லவில்லை. நுழைவுக் கட்டணம் நம்மைப் போன்றவருக்குக் கனமானது. நல்ல சைக்கிளின் விலையோ அதைவிடக் கனம். உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ ஒரு பந்துத் திடல் இருக்குமல்லவா? முதலில் கிளினிக்குக்குப் போய் இரத்தத்தைச் சோதியுங்கள். ஏற்கெனவே மருந்தோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாதங்களைப் பாருங்கள். பிறகு திடலை ஒரு சுற்று நடந்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மீண்டும் எழுதுங்கள்.

அடுத்த வீட்டுக்காரரின் நேரத்தைக் கேட்க வேண்டாம். உங்கள் பழைய எண்ணை உங்கள் புதிய எண் முந்தினால் போதும். அந்த நாள்காட்டித் தாளைக் கிழித்தெறியாமல் பிள்ளைகள் கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள். நாம் சொல்வதைக் கேட்காத பிள்ளைகூட, நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.