வகுப்பறையில் ஒரு ஸ்டாப்வாட்ச்

இன்டர்னல் பரீட்சை முடிந்து இன்றைக்குத்தான் மூச்சு விட நேரம் கிடைத்தது. போன பதிவில் ஜிஎஸ்டி பற்றி எழுதிப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன். இந்த முறை எல்லாருக்கும் பிடித்த மேட்டர். நமக்கு மார்க் போடும் வாத்தியார்களுக்கு யார் மார்க் போடுவது? அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்கலாமா?

பி.காம் மேலாண்மைப் பாடத்தில் டெய்லர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? 1880களில் அமெரிக்க இரும்பாலை ஒன்றில் ஸ்டாப்வாட்ச் வைத்துத் தொழிலாளியின் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நொடி என்று அளந்த ஆசாமி. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். டார்கெட் என்றால் என்ன என்று அவரே சொல்லிவிடுவார்.

அதே ஸ்டாப்வாட்ச் வகுப்பறைக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டது. 1960களில் நெட் பிளாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு முறை கொண்டு வந்தார். பி.எட் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். வகுப்பின் பின்னால் ஒருவர் உட்கார்ந்து 3 நொடிக்கு ஒரு முறை என்ன நடக்கிறது என்று குறிக்க வேண்டும். மொத்தம் 10 வகை. ஆசிரியர் பேச்சுக்கு 7, மாணவர் பேச்சுக்கு 2, மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து 1. நம்ம கணக்குப் புத்தியில் போட்டுப் பார்த்தால், 45 நிமிட வகுப்புக்கு 900 குறிப்புகள். எந்த மனுஷன் உட்கார்ந்து எழுதுவான்?

அங்கேதான் மெஷின் வருகிறது. டீச்எஃப்எக்ஸ் என்ற செயலியில் ஆசிரியர் தன் வகுப்பைத் தானே ஒலிப்பதிவு செய்யலாம். நீங்கள் இத்தனை நேரம் பேசினீர்கள், பிள்ளைகள் இத்தனை நேரம் பேசினார்கள் என்று அது பிரித்துக் காட்டும். ஸ்டான்போர்டில் டோரா டெம்ஸ்கி குழுவினர் 2021-ல் ஒரு இலவச இணைய நிரல் வகுப்பில் இதுபோன்ற கருவியைச் சோதித்தார்கள். மாணவர் சொன்னதை எடுத்துக்கொண்டு அதன் மேல் பாடத்தைக் கட்டுகிறாரா என்று கருவி பார்த்து ஆசிரியருக்குக் குறிப்பு அனுப்பும். அந்தப் பழக்கம் 13 சதவீதம் கூடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குறிப்பு போனது ஆசிரியருக்கு மட்டும். மேலதிகாரிக்கு இல்லை.

என் சித்தி ஓசூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். வகுப்பில் கேமரா ஏற்கெனவே உண்டு. அடுத்த வருஷம் ஏதோ ஏஐ சாப்ட்வேர் போட்டு அதன் மார்க்கை வைத்து இன்கிரிமென்ட் என்று நிர்வாகம் பேசுகிறதாம். "கேமரா பழகிப் போச்சுடா. அது எதை எண்ணுதுன்னு தெரியாததுதான் பயமா இருக்கு" என்றார்.

அந்தப் பயம் நியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து வகுப்பறையைப் பார்த்தால் தெரியும். ஒரு பெஞ்சில் தமிழ், அடுத்ததில் தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம், உருது. வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு. சித்தி பின்னத்தைத் தமிழில் ஆரம்பித்து, "அர்த்தமயிந்தா?" என்று ஒருவனைக் கேட்டு, "அர்த்த ஆய்தா?" என்று இன்னொருத்தியைக் கேட்டு, ஆங்கிலத்தில் முடிப்பார். ஒரே மொழியில் பேசும் வகுப்புக்காகச் செய்த கருவி இதில் பாதியைச் சத்தம் என்று தள்ளிவிடலாம். அவருடைய சாமர்த்தியமே அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

மௌனத்தையும் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் சொன்னது இது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசனையோடும் வருகிறது. இந்த நொடிக் கணக்கு ஆசிரியர் கைக்குப் போனால் வரப்பிரசாதம். சம்பளப் பட்டியலுக்குப் போனால்? மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

"அப்போ கண்காணிப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பக்கம் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் 2003-ல் தன் ஓராசிரியர் பள்ளிகளில் பாதிக்குக் கேமரா கொடுத்தது. காலையும் மாலையும் பிள்ளைகளோடு ஆசிரியர் இருக்கும் படம் வேண்டும். தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாது. வந்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். எஸ்தர் டஃப்லோ குழுவின் ஆய்வில், ஆசிரியர் வராத நாட்கள் மற்றப் பள்ளிகளில் 42 சதவீதம், கேமரா இருந்த பள்ளிகளில் 21. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. ஆனால் அந்தக் கேமரா கேட்டது ஒரே கேள்வி: வந்தாரா, இல்லையா? "நன்றாக நடத்தினாரா?" என்பதற்கு ஒரு போட்டோவில் பதில் கிடையாது.

பதில் இருப்பதாக நினைத்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹூஸ்டனைப் பார்க்கலாம். மாணவர் தேர்வு மதிப்பெண்ணை ஒரு தனியார் நிறுவனத்தின் ரகசியச் சூத்திரத்தில் போட்டு ஆசிரியர்களை மதிப்பிட்டார்கள். மார்க் எப்படி வந்தது என்று ஆசிரியரால் சரிபார்க்க முடியவில்லை. வழக்குப் போட்டார்கள். அவர்களின் வாதத்தில் விஷயம் இருக்கிறது என்று 2017-ல் நீதிமன்றம் சொன்னது. அந்த வருடமே சமரசம். சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணை வைத்து வேலையை விட்டு நீக்குவதில்லை என்று கல்வி மாவட்டம் ஒப்புக்கொண்டது.

காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், எதிர்த்தரப்பு தணிக்கை செய்ய முடியாத கணக்கு கணக்கே இல்லை. அதனால் என் கட்சி இது: அறிக்கை முதலில் ஆசிரியருக்குப் போகட்டும். எதை எண்ணுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். எங்கள் ஊர் மொழிகள் அதற்குப் புரிகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கட்டும். இன்கிரிமென்ட்டை முடிவு செய்பவர், வகுப்பில் ஒரு மணி நேரமாவது வந்து உட்கார்ந்த மனிதராக இருக்கட்டும்.

கண்ணாடியாக வந்தால் சித்தி தினமும் முகம் பார்ப்பார். தராசாக வந்தால் எடை கூட என்ன வழி என்றுதான் யோசிப்பார். நீங்கள் ஆசிரியராக இருந்தாலோ, வீட்டில் ஆசிரியர் இருந்தாலோ, உங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.