பதினொன்றரை மணித்தியாலம்

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரே போகும் விமானத்தில் பதினொன்றரை மணித்தியாலம் என்றார்கள். எனக்கோ அந்தப் பயணத்துக்கு இருபது வருடம் எடுத்தது.

1999 இல் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஏ9 பாதை மூடியிருந்தது. திருகோணமலைக்குப் போகும் கப்பலுக்கே நாட்கணக்கில் காத்திருந்தான். பிறகு நான் போக முயன்றேன். இரண்டு தடவை விசா கிடைக்கவில்லை.

2019 ஜனவரியில், ஒரு பகல் ஒரு மணிக்கு விமானம் கிளம்பியது. மேற்கே போகும்போது எதிர்க்காற்று. திரும்பி வர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் குறையும் என்று பக்கத்தில் இருந்த பிள்ளை விளங்கப்படுத்தினாள். சூரியனுக்குப் பின்னாலேயே பறந்ததால் பகல் நீண்டுகொண்டே போனது. அவள் சொன்னபடி இடைக்கிடை எழும்பி நடந்தேன், கால் வீங்கவில்லை. இறங்கியபோது என் கைக்கடிகாரத்தில் இரவு பன்னிரண்டரை. அங்கே மாலை ஏழு மணிதான்.

ஐந்தரை மணித்தியாலம் திரும்பக் கிடைத்ததே என்று மனம் மகிழ்ந்தது. வெளியே வந்தேன். பத்தொன்பது வயதில் போன பிள்ளை நரைத்த தலையோடு நின்றான்.

"அம்மா, களைச்சுப் போனீங்களோ?" என்றான்.

"இல்லையடா" என்றேன். அந்த மணிக்கூட்டை மட்டும் நான் மாற்றவில்லை.