கைப்பையும் கப்பலும்

நம் குடும்பங்களில் பிரயாணம் என்றால் ஒரு வழக்கம் உண்டு. ரயிலோ, பஸ்ஸோ, ஆகாய விமானமோ, எதுவானாலும் சரி, வீட்டிலுள்ள அத்தனை பேருடைய உடைமைகளும் கடைசியில் வந்து சேருமிடம் வீட்டு அம்மாளின் கைப்பைதான். டிக்கெட், மாமனாரின் மூக்குக் கண்ணாடி, மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை, குழந்தையின் பிஸ்கட், வீட்டுச் சாவி, "இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்" என்று கணவர் நீட்டிய பர்ஸ், எல்லாம் அதற்குள் அடக்கம். அட்சய பாத்திரம் அள்ள அள்ளக் கொடுத்ததாம். நம் கைப்பையோ, போடப் போட வாங்கிக்கொள்கிறது.

ரயிலுக்கு இந்த ஏற்பாடு பரவாயில்லை. கப்பலுக்கு உதவாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பிரயாணம் எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

ஒரு காலத்தில் நம்மவர்கள் கப்பலேறியது பிழைப்புக்காக. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் போய் வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் காலமும் முடிந்தது. இன்று அதே பினாங்குக்கு நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே உல்லாசக் கப்பலில் ஏறி, பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட் தீவையும் பார்த்துவிட்டு, நாலு ராத்திரி கழித்து மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குவது. நானும் என் தாயாரும் கணவரும் எட்டு வயது மகளும் அப்படித்தான் போய் வந்தோம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியது விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதும் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்பி வரும்போது இரண்டாவது தடவை நுழைவதாகக் கணக்கு. ஆகையால் ஒரு முறைக்கு மேல் நுழைய இடம் கொடுக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷம் போய் வந்த நாத்தனார் சொன்னதை நம்பாமல், புறப்படும் மாதத்தில் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாத ஆயுளாவது பாக்கி இருக்க வேண்டும்.

அடுத்தது மூட்டை முடிச்சு. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு விடுவார்கள். அவை உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகிவிடும். மாத்திரை மருந்துகள், பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, இவை கையோடு இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரக் கெட்டில், ஊதுவத்தி, கற்பூரம், மெழுகுவர்த்தி எதையும் கப்பலில் விடமாட்டார்கள். கடலில் தண்ணீருக்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது நெருப்புக்கு. ஆகவே ஸ்வாமிக்குப் பூவும் நமஸ்காரமும் போதும். குருமாவுக்கு என்று கசகசாப் பொட்டலம் எடுத்துப் போகாதீர்கள். அது அபினிச் செடியின் விதை; சிங்கப்பூரில் போதைப் பொருள் அதிகாரிகளின் பார்வைக்கு உரிய சரக்கு. சூயிங்கமும் அந்த ஊரில் ஆகாது.

எடுத்துப் போக வேண்டியவற்றில் எனக்கு மிகவும் உதவியது, நாலு காந்தக் கொக்கி. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஆணி அடிக்க முடியாது; காந்தம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். ஈரத்துண்டு, தொப்பி, குழந்தையின் பை எல்லாம் அதில் தொங்கின.

கப்பலுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் சாப்பாட்டுக் கூடத்தின் மேல்தான் கண். அதற்கு முன் அபாயப் பயிற்சி ஒன்று உண்டு. ஏழு குறுகிய சங்கொலி, பிறகு ஒரு நீண்ட சங்கொலி கேட்டால் எங்கே போய்க் கூடுவது, மிதவைச் சட்டையை எப்படி மாட்டிக்கொள்வது என்று காட்டுவார்கள். "இதெல்லாம் சம்பிரதாயம்" என்று நழுவாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கன்கோர்டியா' என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பேருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சியை முடிக்க வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பாட்டி உள்பட, தங்கள் கூடுமிடத்தைத் தாமே ஒரு முறை நடந்து போய்ப் பார்த்துவிட வேண்டும்.

உடம்பு விஷயம் இரண்டு. தலை சுற்றல் பயம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கலாம். அங்கே ஆட்டம் குறைவு. மற்றொன்று வயிற்றுக் கோளாறு. கப்பல்களில் சில சமயம் பரவும் நோரோ வைரஸ், கையில் தடவிக்கொள்ளும் ஸ்பிரிட் திரவத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. பழைய சோப்பும் தண்ணீரும்தான் கைகொடுக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். கரையில் சாப்பிடும்போது, காய்கறிப் பண்டம்தானே என்று நம்பிவிடாதீர்கள். தாய்லாந்தில் மீன் சாறும், பினாங்கில் பெலாச்சான் என்ற இறால் விழுதும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

பண விஷயத்தில் ஒரு மாயம் உண்டு. கப்பலில் கைக்காசு புழங்காது. எதற்கும் ஓர் அட்டையை நீட்டினால் போதும். அதுவே அறைச் சாவி, அதுவே அடையாளச் சீட்டு, அதுவே கடன் புஸ்தகம். சேவைக் கட்டணம் என்று தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் தானாகவே ஏறும். கப்பல் டாக்டரின் கட்டணத்தைப் பார்த்தாலே பாதி நோய் பறந்துவிடும். பிரயாண இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். செல்போனைக் கடலில் விமான நிலையில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பலிலுள்ள செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் கண்ணீர் வரவழைக்கும் பில்லைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் கரையில் இறங்கியதும் குடும்பத்தில் ஒருவருடைய போனாவது உயிரோடு இருக்க வேண்டும்.

இப்போது கைப்பைக்கு வருகிறேன்.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மாள். மருமகள் மிகவும் பொறுப்பானவள். ஐந்து பேருடைய அட்டைகளும் பாஸ்போர்ட்டுகளும் அவளுடைய கைப்பையில். பினாங்கில் இறங்கும்போது அட்டைகளை ஒவ்வொருவரிடமும் கொடுத்தாள். காவலரின் கருவியில் அவை தட்டப்பட்டதும் பள்ளிக்கூட வாத்தியாரைப் போல வசூல் செய்து மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். "நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளலாமே, அம்மா" என்றேன், பெரியம்மாளிடம். "எனக்கெதுக்குங்க அம்மணி அதெல்லாம்? அவங்க பாத்துக்குவாங்க" என்று சிரித்தார்.

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து கால் மணி நடையில் குவீன் தெரு மாரியம்மன் கோயில். 1833-ல் எழுந்த கோயில். சுற்றிலும் நம் தெருக்கள்தான். பூக்கடை, புடவைக் கடை, பாட்டுச் சத்தம், வடை வாசனை. அன்று மாலை அந்தக் குடும்பமும் அங்கே போயிருக்கிறது. தீபாராதனை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் பெரியம்மாள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள்.

அவர் கையில் அட்டை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, போன் இல்லை, காசு இல்லை. மகனுடைய போன் நம்பர் மனப்பாடமில்லை. பூக்கடைக்காரப் பெண்மணி ஒருத்தி தமிழில் விசாரித்தாளாம்: "எந்தக் கப்பல்?" "பெரிய வெள்ளைக் கப்பலுங்க." அன்று துறையில் நின்றவை இரண்டு; இரண்டுமே பெரியவை, இரண்டுமே வெள்ளை! அந்தப் புண்ணியவதி கடையை மகனிடம் விட்டுவிட்டு, துறைமுக வாசல் வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வாசல் காவலரோ, அட்டை இல்லாத யாரையும் விடமாட்டார். அது அவர் கடமை. நாங்கள் திரும்பி வந்தபோது பெரியம்மாள் அங்கே ஒரு நாற்காலியில், முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி ஏழேகால். எட்டு மணிக்குள் எல்லோரும் கப்பலில் இருந்தாக வேண்டும். எங்கள் கப்பல் சிப்பந்தி ஒருவரை அழைத்துவந்து விஷயத்தைச் சொன்னோம். ஏறிய முதல் நாள் ஒவ்வொருவரையும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? பெயரைச் சொன்னதும் திரையில் அவர் முகம் வந்தது. உள்ளே விட்டார்கள்.

ஆனால் ஆபத்து அங்கேதான் ஆரம்பமாயிற்று. அம்மா கப்பலில் பத்திரமாக இருக்கிறாள் என்பது கரையில் தேடிக்கொண்டிருக்கும் மகனுக்குத் தெரியாதே! அவனுடைய போனோ, செலவுக்குப் பயந்து அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என் கணவர் ஓட்டமும் நடையுமாகக் கோயில் தெருவுக்குப் போய், சந்து சந்தாகப் பார்த்து, ஒரு துணிக்கடை வாசலில் அழுதுகொண்டிருந்த அவர்களைக் கண்டுபிடித்தார். கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது எட்டு அடிக்க ஆறு நிமிஷம். மருமகள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து அட்டைகளும் அதற்குள் பத்திரமாக இருந்தன. பெரியம்மாள் ஒருவர்தான் பத்திரமாக இல்லை.

வராதவர்களுக்காகக் கப்பல் நிற்காதா என்று கேட்பீர்கள். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனால் பொதுவாக நிற்கும். நாமாகப் போனால் நிற்காது. துறையில் தங்கும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம், அடுத்த ஊரில் இடம், இவையெல்லாம் அதற்கு உண்டு. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்கே சாவோ தோமே தீவில், தாமாகச் சுற்றுலா போன எட்டுப் பேர் தாமதமாக வந்தார்கள். கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் நின்றது, ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டது. அவர்கள் பல நாடுகள் கடந்து, செனகல் நாட்டில் போய்த்தான் அதைப் பிடித்தார்கள். இப்படி யாரும் வராவிட்டால், அறைப் பெட்டகத்தில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து, துறைமுகத்திலுள்ள கப்பல் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். ஆகவே அந்தப் பிரதிநிதியின் நம்பர் நம் கையில் இருக்க வேண்டும். அறைக்கு வரும் தினசரி நிகழ்ச்சித் தாளில் பெரும்பாலும் அது அச்சாகியிருக்கும்.

மறுநாள் புக்கெட். அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டாது. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் கொண்டு விடுவார்கள். படகில் ஏறும்போது இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். சிப்பந்தி "இப்போது" என்று சொன்ன பிறகு காலை வையுங்கள். புடவையைக் காட்டிலும் சல்வார் சௌகரியம். திரும்பி வரும் கடைசிப் படகு, கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே போய்விடும்.

அதோடு, தாய்லாந்தின் கடிகாரம் சிங்கப்பூர் கடிகாரத்துக்கு ஒரு மணி பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டது. செல்போனோ, கரையேறியதும் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலில் மணி நாலு, போனில் மூன்று. போனை நம்பினால் நிதானமாக முத்துமாலை பேரம் பேசிவிட்டு வந்து, வெறும் கடலைத்தான் பார்க்கலாம். கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று, விலை எதுவாக இருந்தாலும், ரத்தினத்துக்குச் சமானம்.

ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டியவை இவ்வளவுதான். அவரவர் அட்டை, கழுத்தில் கயிற்றோடு. பாஸ்போர்ட்டின் நகல். அந்த ஊர்ப் பணம் கொஞ்சம். ஒரு துண்டுச் சீட்டு. அதில் கப்பலின் பெயர், அறை நம்பர், துறையின் பெயர், திரும்ப வேண்டிய நேரம், பிரதிநிதியின் நம்பர், மகன் அல்லது மகளின் நம்பர், சாப்பிடும் மருந்துகள். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, உடுப்பிலேயே வைத்துவிடுங்கள். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று இறங்குமுன் ஓர் இடமும் பேசிவையுங்கள்.

ஈரோட்டு மருமகள் அன்றிரவே ஐந்து சீட்டு எழுதினாள். பெரியம்மாள் தம் சீட்டைத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொல்லிக் காகிதம் கேட்டு வாங்கினார். அறை நம்பரை இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

கடைசி நாள் விடியற்காலையில் மேல்தளத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் அட்டை, கையில் காப்பி, பக்கத்தில் யாருமில்லை. "எல்லாரும் தூங்கறாங்க அம்மணி. நானே லிஃப்டுல வந்தேன். ரூமுக்கு வழி தெரியும்" என்றார். மலாக்கா ஜலசந்தியில் சூரியன் கிளம்பிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.