ஒத்திகைக்கு எந்த ஒலிப்பதிவுக் கருவி?

பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்குப் பேனாவுக்கு அடுத்தபடி நெருக்கமான பொருள் ஒலிப்பதிவுக் கருவிதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது என் தோள்பையில் இருந்து வருகின்றது. பெரிய கசற் போட்டுப் பதிந்த காலம், உள்ளங்கைக்குள் அடங்கும் மைக்ரோ கசற் காலம், நாடாவே இல்லாத டிஜிற்றல் காலம் என மூன்று தலைமுறைக் கருவிகளோடு பழகியாயிற்று. எனவே, யாழ்ப்பாணத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோட் வாசிக்கும் என் தங்கையின் மகன், ஒத்திகைகளைப் பதிவு செய்ய ஒரு கருவி தேவை என்று என்னிடம் வந்ததில் வியப்பில்லை.

"மாமா, உங்களிட்டை இருக்கிற றெக்கோடர் எங்களுக்குக் காணாதோ?" என்று கேட்டான்.

"காணாது" என்றேன்.

ஏன் காணாது என்பதை விளக்கும் முன், அவர்களுடைய தேவை என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் வாசிக்கும் ஐந்து பேர் கொண்ட குழு அது. ஒரு பாடகி, கீபோட், பேஸ் கிற்றார், தபேலா, ட்ரம்ஸ். சில மாதங்களாக அவர்களுக்குள் ஒரு பிணக்கு. ட்ரம்ஸ் வாசிப்பவர் தாளத்தை ஓட்டுகின்றார் என்பது பாடகியின் குற்றச்சாட்டு. பாடகி இழுத்துப் பாடுகின்றார் என்பது அவருடைய பதில். கைத்தொலைபேசியில் பதிந்து போட்டுக் கேட்டார்கள். ஒரே பதிவில் இருவரும் தத்தம் கட்சிக்குரிய சான்றைக் கண்டுபிடித்தார்கள். திருவிழாக் காலம் முடிந்ததும் தான் விலகிவிடப் போவதாக ட்ரம்ஸ்காரர் சொல்லியும் விட்டாராம். ஆக, அவர்களுக்குத் தேவைப்பட்டது இசைத்தட்டு வெளியிடுவதற்கான கருவியன்று. நம்பத்தக்க ஒரு சாட்சி.

பேட்டிகளுக்கென்று செய்யப்பட்ட கருவி இந்த இடத்தில் நல்ல சாட்சியாக முடியாது. அதற்குள் தன்னியக்க ஒலிமட்டக் கட்டுப்பாடு என்ற ஓர் ஏற்பாடு இருக்கின்றது. பேசுபவர் குரலைத் தாழ்த்தினால் கருவி தானாகவே பதிவு மட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். அவர் மேசையில் அடித்து முழங்கினால் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஓர் அரசியல்வாதி காதோடு காதாகச் சொல்வதும் உரக்கச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே அளவில் பதிவாகும். எழுதி எடுக்க வேண்டிய எனக்கு அது பெரும் உதவி.

இசையில் அதுவே கேடாக முடிகின்றது. ட்ரம்ஸில் ஓர் அடி விழுந்தவுடன் கருவி பயந்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அந்த அடி ஓய்ந்ததும் பாடகியின் குரல் மெல்ல மேலே எழும்பி வரும். அடுத்த அடி விழுந்ததும் மறுபடியும் மூழ்கும். கேட்பவருக்குப் பாட்டு மூச்சு வாங்குவது போலிருக்கும். மெல்லப் பாடிய இடமும் ஓங்கிப் பாடிய இடமும் ஒன்றாகிவிடும். பேச்சுக்கென்று அமைந்த கருவிகள் பலவற்றில் தாழ்ந்த சுரங்களை வடிகட்டும் ஏற்பாடும் உண்டு. வாகன இரைச்சலைக் குறைக்க அது நல்லது. ஆனால் தபேலாவின் இடக்கை அடியும் பேஸ் கிற்றாரும் அதனோடு சேர்ந்து போய்விடும். தாளத்தைப் பற்றிய வழக்கில் தாளத்தையே வெட்டிவிட்டுச் சாட்சி சொன்னால் எப்படி? கைத்தொலைபேசிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். தொலைபேசி முதலில் பேச்சுக்கானது. போதாததற்கு, அந்தப் பதிவை வாட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்பும்போது அது மேலும் சுருக்கப்படுகின்றது.

நாங்கள் வளர்ந்த காலத்தில் இந்தத் தெரிவெல்லாம் இருக்கவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கசற்றை அறிமுகப்படுத்திய பின்னர்தான் ஒலிப்பதிவு என்பது சாதாரண வீடுகளுக்குள் வந்தது. நம்மவர் வீடுகளில் இருந்த வானொலியும் கசற்றும் சேர்ந்த பெட்டிகள் பலவற்றிலும் மட்டத்தைக் கூட்டிக் குறைப்பது பெட்டியின் விருப்பம். நாங்கள் செய்யக்கூடியது சிவப்புப் பொத்தானை அழுத்துவது மட்டுமே. 1978இல் வந்த சொனி டிசி-டி5 போன்ற கருவிகளில் முள் அசையும் அளவுமானியும், கையால் திருகக்கூடிய குமிழும் இருந்தன. அவை என் போன்றவர்கள் படத்தில் பார்த்து ஏங்கிய பொருட்கள்.

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. வடக்குக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களுள் பற்றரியும் ஒன்று. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றும் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். அந்த நாட்களில் ஒத்திகையைப் பதிவது என்பது யாருடைய நினைவிலும் வந்திருக்காது.

நிலைமை மாறியது 2006ஆம் ஆண்டளவில். ஸூம் எச்4, எடிரோல் ஆர்-09 ஆகியவை அந்த ஆண்டிலும், ஸூம் எச்2 அடுத்த ஆண்டிலும், ஒலிம்பஸ் எல்எஸ்-10 2008இலும் வந்தன. ஒலிவாங்கிகளைத் தலையிலேயே பொருத்தி, மெமரி காட்டில் குறுந்தட்டின் தரத்திலோ அதற்கு மேலாகவோ பதியும் கையடக்கக் கருவிகள் அவை. பதிவு மட்டத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவற்றோடு சாதாரண இசைக்காரரின் கைக்கு வந்தது என்பேன்.

எனவே, ஒத்திகைக்குக் கருவி தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தன்னியக்கக் கட்டுப்பாட்டை முற்றாக நிறுத்த முடியுமா என்பதே. இரண்டாவது, அதன் ஒலிவாங்கி எவ்வளவு சத்தத்தைத் தாங்கும் என்பது. 120 டெசிபல் என்று விவரத் தாளில் இருந்தால் சிறிய குழுவுக்குப் போதும். அந்த எல்லையைத் தாண்டினால் ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததைப் பின்னர் தைக்க முடியாது.

குமிழ் உள்ள கருவியில், குழுவின் மிக உரத்த பாட்டை முதலில் வாசிக்கச் செய்து, அளவுமானி உச்சக் கோட்டைத் தொடாமல் 12 டெசிபல் அளவுக்குக் கீழே நிற்கும்படி மட்டத்தை வைத்துவிட்டு, பின்பு அதைத் தொடாதிருப்பதே முறை. ஒலிச்சோதனையில் யாரும் முழுப் பலத்தோடு வாசிப்பதில்லை. உற்சாகம் ஏறிய பின்னர் வாசிப்பது வேறு. அந்த இடைவெளி அதற்காகத்தான்.

அண்மைக் காலத்தில் 32 பிற் மிதவைப் புள்ளி முறை என்ற ஒன்று வந்திருக்கின்றது. மட்டத்தை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. பதிந்த பின்னர் கூட்டலாம், குறைக்கலாம். 2024இல் வெளிவந்த ஸூம் எச்1 எசென்ஷியல் போன்ற சிறிய கருவிகளிலும் இது உண்டு. ஆனால் ஒலிவாங்கியே தாங்காத சத்தத்தை எந்தப் புள்ளி முறையாலும் காப்பாற்ற முடியாது. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் கருவியை வைத்துவிட்டு விஞ்ஞானத்தை நோவதில் பயனில்லை.

வைக்கும் இடம் கருவியின் விலையை விடப் பெரிய விடயம். திறந்த வெளியில் தூரத்தை இரு மடங்காக்கினால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. நமது வீடுகளின் விறாந்தையும் மண்டபமும் சீமெந்துத் தரையும் வெறும் சுவருமாக இருப்பவை, எதிரொலிக்குக் குறைவில்லை. எல்லாத் திசையிலும் கேட்கும் ஒலிவாங்கி அந்த எதிரொலியையும் சேர்த்து வாங்கும். ஒன்றையொன்று குறுக்கிட்டு முன்னோக்கிப் பார்க்கும் இரட்டை ஒலிவாங்கி, எதிரே இருப்பதைக் கூடுதலாகவும் பின்னால் இருப்பதைக் குறைவாகவும் வாங்கும். மேடையில் நிற்பது போலவே குழுவினரை நிறுத்தி, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, காது உயரத்தில் கருவியை வைத்தால் போதும். மேசையில் வைத்தால் பேஸ் அதிர்வு முழுவதும் மேசைக்கால் வழியாக ஏறும். கமெராவுக்குரிய முக்காலி பெரும்பாலான கருவிகளுக்குப் பொருந்தும். நமது வெக்கையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆகவே ஒலிவாங்கிக்கு ஒரு பஞ்சு உறையும் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 635 மெகாபைற் இடம் பிடிக்கும். 128 கிலோபிற் எம்பி3 ஆனால் 58 மெகாபைற்தான். மெமரி காட் மலிந்த இந்நாளில் சுருக்கிப் பதிவதற்குக் காரணமில்லை. கடையில் எங்கும் கிடைக்கும் பற்றரியில் இயங்குவது நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த நமக்கு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

என் மருமகனின் குழுவுக்கு இரண்டு தெரிவுகள் எஞ்சின. ஒன்று, டஸ்காம் டிஆர்-05எக்ஸ். மட்டத்தைக் கையால் வைக்கலாம், ஆனால் ஒலிவாங்கிகள் எல்லாத் திசையிலும் கேட்பவை. மற்றது, மேலே சொன்ன ஸூம் எச்1 எசென்ஷியல். ஐந்து பேரும் வாசிப்பவர்கள். அளவுமானியைப் பார்த்துக்கொண்டிருக்க ஆறாவது ஆள் இல்லை. அறையோ வெறும் சீமெந்து. இந்த இரண்டு காரணங்களாலும் இரண்டாவதையே சொன்னேன். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் குழுவில் கருவியைக் கவனிக்க ஒருவர் இருந்து, அறையும் கம்பளமும் திரைச்சீலையுமாக அடங்கியிருந்தால் முடிவு வேறாக இருக்கலாம்.

முதற் பதிவைக் கேட்பதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாசித்த அன்றே கேட்கவேண்டாம், மறுநாள் ஐவரும் ஒன்றாக இருந்து கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வாசித்த கையோடு கேட்பவர் தாம் வாசிக்க நினைத்ததைக் கேட்பார்; மறுநாள்தான் வாசித்ததைக் கேட்பார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாளத்தை எண்ணினேன். பல்லவியில் நிமிடத்துக்கு 92. கடைசிச் சரணத்தில் 100. ஓடுவது உண்மைதான். ஆனால் எங்கே தொடங்குகின்றது? அந்த இடத்தை மூன்று தடவை போட்டுக் கேட்டோம். இடையிசை முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் கீபோட் அரை அடி முந்தி வந்து நிற்கின்றது. ட்ரம்ஸ் அதைத் துரத்திப் பிடிக்கின்றது. பாடகி பழைய நடையிலேயே தொடங்குகின்றார். அவர் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி.

யாரும் எதுவும் சொல்லவில்லை. என் மருமகன்தான் சொன்னான்: "அது நான்தான், அண்ணை." ட்ரம்ஸ்காரர் சிரித்துவிட்டு, "திருப்பிப் போடு, நான் எங்கை பாயிறன் எண்டு பாப்பம்" என்றார். திருவிழாக் காலம் முடிந்துவிட்டது. அவர் இன்னமும் அதே குழுவில்தான் இருக்கின்றார்.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பேட்டி கொடுப்பவர், "இது எழுதுவதற்கல்ல" என்று சொல்லிவிட்டால் நாங்கள் கருவியை நிறுத்துவோம். ஒத்திகை முழுவதுமே அத்தகையது. சுருதி விலகிய அரை நிமிடம் சமூக ஊடகத்துக்குப் போனால், அதன் பின் அந்தப் பாடகி ஒத்திகையில் துணிந்து எதையும் முயன்று பார்க்கமாட்டார். ஐவரும் சம்மதியாமல் ஒரு விநாடியும் வெளியே போகாது என்ற உடன்பாடு, கருவி வாங்குவதற்கு முன்பே இருக்கவேண்டியது.

அதற்காகப் பதிவுகளை அழித்துவிடவும் வேண்டாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலிருந்து நமது கூத்துகளை நகர மேடைகளுக்குக் கொண்டுவந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கின்றது. கிராமங்களிலோ சதங்கை அணிவதற்கு முன்னும் பின்னும், அரங்கேற்றம் வரை, அண்ணாவியார் இரவிரவாகப் பழக்குவார். எந்த இடத்தில் நிறுத்தினார், யாருடைய ஆட்டத்தை எப்படித் திருத்தினார், ஒரு தாளக்கட்டை எத்தனை முறை சொல்லிக் காட்டினார் என்பவற்றைக் கேட்க இன்று பெரும்பாலும் வழியில்லை. ஆடியவர்களின் நினைவில் எஞ்சியிருப்பதுதான் மிச்சம்.

ஆகவே, கோப்புக்குத் திகதியையும் இடத்தையும் பெயராக இடுங்கள். இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். உங்கள் ஊரில் இன்னமும் பழக்கிக்கொண்டிருக்கும் அண்ணாவியார் ஒருவர் இருந்தால், அவருடைய அனுமதியோடு, அந்தச் சிறிய கருவியை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டு போங்கள்.