வெயிலோடு வெயிலாக

திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சித்திரை பிறந்துவிட்டால் போதும், செய்தியில் வெப்பநிலைப் பட்டியல் வாசிக்கும்போது வேலூருக்கு முன்னாலோ பின்னாலோ எங்கள் திருத்தணி வந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆட்கள், துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் கட்டிக்கொண்டு உலைக்கு எதிரே நிற்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் நாற்பத்தைந்து தாண்டிய ஒருத்தி வந்து, "எனக்கு உள்ளேர்ந்து குப்புனு சூடு கெளம்புது" என்று சொன்னால் பதில் தயாராக இருக்கும். "யாருக்குத்தான் சூடா இல்ல?"

நான் வேலை பார்த்தது சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனி. மெஷின் துப்பும் பீஸை எடுத்து, ரன்னரை ஒடித்து, ஓரத்தில் பிதுங்கியிருப்பதைக் கத்தியால் சீவி, எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். கையில் வாங்கும்போது பீஸ் வெதுவெதுப்பாகவே இருக்கும். புடவைக்கு மேலே பாலியஸ்டர் கோட், தலைக்குக் குல்லா. அந்தக் கோட்டைத் தைத்தவர் கும்மிடிப்பூண்டிக்கு ஒருநாளும் வந்திருக்க மாட்டார் என்பது என் துணிபு.

அங்கேதான் எனக்கு அது ஆரம்பித்தது. மாதவிடாய் தவறித் தவறி வந்துகொண்டிருந்த சமயம். பெட்டியில் பீஸை அடுக்கிக்கொண்டே இருப்பேன்; நெஞ்சுக்குழியில் ஒரு படபடப்பு. அடுத்த நொடி மார்பு, கழுத்து, கன்னம், காது மடல் என்று சூடு மேலே மேலே ஏறும். குல்லாவுக்குள்ளிருந்து வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரியும். இரண்டு மூன்று நிமிடம் அதன் ஆட்டம். பிறகு, கோட்டுக்குள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டு சில்லென்று ஒரு நடுக்கம். பக்கத்து மேஜைப் பெண் கேட்பாள், "இன்னாக்கா, மூஞ்சி இப்படி செவந்துக்கினு கீது? பிரஷரா?" நானும் பிரஷர் என்றே ஒத்துக்கொள்வேன். பிரஷர் என்றால் மரியாதையாக உட்கார நாற்காலி தருவார்கள். மாதவிடாய் நிற்கிற கதையை ஆண் சூப்பர்வைசரிடம் எந்த வாயால் சொல்வது?

ஆனால் ரயிலில் சொல்லலாம். மீஞ்சூரில் ஏறினால் அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. அந்தச் சின்னத் தூரத்துக்குள் லேடீஸ் பெட்டியில் பேசி முடிக்காத விஷயமே கிடையாது. ஒருநாள் ஓடுகிற ரயிலில், காலைக் காற்று முகத்தில் அடிக்கும்போதே எனக்கு வேர்த்துவிட்டது. அவ்வளவுதான், பெட்டி முழுக்க டாக்டர்கள். உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவைத்து முழுங்கு என்றார் ஒருவர். சப்ஜா விதை, நன்னாரி, வெட்டிவேர்த் தண்ணீர், இளநீர், நுங்கு, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். பழவேற்காட்டுக் கூடைக்கார அம்மா ஒருவர் நண்டு சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் சொன்னார். அத்தனையையும் நான் செய்தேன். என் அடுப்படி அப்போது ஒரு நாட்டுமருந்துக் கடை. சளி பிடித்ததுதான் மிச்சம்; சூடு தன் பாட்டுக்கு வந்து போனது. ஒன்று மட்டும் உண்மை: ஜில்லென்று எதையாவது குடித்தால் அந்த இரண்டு நிமிடம் கொஞ்சம் சுளுவாகக் கழியும். கடைசியில் ஒரு பாட்டில் மோரும் ஒரு பாட்டில் தண்ணீரும் மட்டும் என் பையில் நிலைத்தன.

ராத்திரிதான் கஷ்டம். பகலில் பத்துப் பேரோடு பத்துப் பேராக வேர்த்துவிடலாம். மார்கழி மாதம், பனி கொட்டுகிறது, ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்க, நான் மட்டும் எழுந்து தொப்பலாக நனைந்த ஜாக்கெட்டோடு வாசலில் போய் நிற்பேன். என் மாமியார் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறார். காத்து கருப்பு என்று முடிவு கட்டி, மறுநாள் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கையில் ஒரு கறுப்புக் கயிறும் ஏறியது. கயிறு கட்டிய ராத்திரியும் நான் வாசலில் நின்றேன். அப்போதுதான் அருகில் வந்து கேட்டார், "தூரம் நின்னுபோச்சா உனக்கு?"

தலையாட்டினேன். அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். ஆரணியாற்றுப் பக்கம் காலமெல்லாம் நடவும் களையும் பார்த்தவர். "எனக்கும் அந்த வயசுல மூஞ்சி தீயா எரியும். வெயில்ல நிக்கறோமே, அதான்னு நெனச்சிக்கினேன்" என்றார். சேற்றில் இறங்கி நிற்கிற பெண்ணுக்கு எது வெயில், எது தன் உடம்பு என்று பிரித்துப் பார்க்க ஏது நேரம்? எத்தனை வருஷம் அப்படி எரிந்தது என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில் இல்லை. எந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து நாற்று போனது என்பது மட்டும் நினைவிருந்தது.

பிறகுதான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது, மேல்நாடுகளில் 51 என்றார். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்பு ஏறி இறங்கிக் குறைய ஆரம்பிக்கும். மூளையின் அடியில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் அதனால் குழம்பிவிடும் என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் மெஷினில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி உண்டு. 220 டிகிரி வைத்தால், அதிலிருந்து கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கண்டுகொள்ளாது. அந்த இடைவெளியை யாராவது தெரியாமல் குறுக்கிவிட்டால், அரை டிகிரி ஏறினாலே பதறிப்போய் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். என் தலைக்குள்ளேயும் அந்த இடைவெளிதான் குறுகிப்போயிருந்தது. ஒரு டம்ளர் சூடான டீ, குழம்பில் கூடுதல் காரம், யாரோ போட்ட ஒரு சத்தம், மூடிய அறை, எது கிடைத்தாலும் போதும். உடம்பு உடனே தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி, வேர்வையை இறக்கி, தன்னைக் குளிரவைக்கப் பார்க்கும். இருக்கிற சூடு அதனால் போய்விடுவதால்தான் பின்னாலேயே அந்த நடுக்கம்.

இது நோயில்லை என்று அவர் சொன்னதில் பாதி ஆறுதல். ஆனால் நோயில்லை என்பதற்காக அது சின்ன விஷயமும் இல்லை. அமெரிக்காவில் பல வருஷம் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி சூடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருஷத்துக்கும் மேலாக நீடித்தது என்று கண்டார்கள். ஏழு வருஷம் தூக்கம் கெட்டு மெஷின் முன்னால் நிற்பவளிடம் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்பது நியாயமா?

வேலையிடத்தில் எனக்கு விடிந்தது இப்படி. பவர் கட் உச்சத்தில் இருந்த காலம். ஜெனரேட்டர் மெஷினுக்கு மட்டும், ஃபேனுக்குக் கிடையாது. ஒருநாள் நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, சூப்பர்வைசர் ஒரு சின்னப் பையன், என் மகன் வயது, "என்னம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றான். பிரஷர் என்று சொல்லச் சலிப்பாக இருந்தது. "தம்பி, உங்கம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். ஐம்பது என்றான். "அவங்களுக்கு ராத்திரியில வேர்க்குதான்னு கேட்டுட்டு வா" என்றேன். மறுநாள் அவன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆள் வைத்து என் மேஜையை ஷட்டர் பக்கம், லோடு ஏற்றுகிற இடத்துக்கு நகர்த்திவிட்டான். காற்று நேரே வரும் இடம். கோட்டை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தபோது பார்க்காத மாதிரி போய்விட்டான். அவன் வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, எனக்குத் தெரியாது.

பிரிட்டனில் 2023-ல் வேலையிடத்தில் மாதவிடாய்க்கும் அது நிற்பதற்கும் என்றே ஒரு தரநிர்ணய ஏடு போட்டிருக்கிறார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். காற்றோட்டம், சீருடைத் துணி, ஓய்வு என்று கம்பெனிகள் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அதில் வருகிறதாம். நல்லதுதான். எங்கள் காலத்து 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலும் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த தண்ணீர் தர வேண்டும், நின்றே வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும், காற்றோட்டம் வேண்டும் என்றெல்லாம் இருந்தது. மாதவிடாய் நிற்பதை மனதில் வைத்து எழுதவில்லை; ஆனால் அந்த மூன்றும் சரியாகக் கிடைத்தாலே பாதிச் சூடு தணிந்திருக்கும். மீதிப் பாதிக்குத்தான் அந்தப் பையன் மாதிரி ஒரு ஆள் வேண்டும். வாயைத் திறந்து சொல்லாமல் அவனுக்கும் எப்படித் தெரியும்?

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த டாக்டரம்மா, ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டுகிற ஹார்மோன் மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை. 2002-ல் அமெரிக்காவில் அந்த மாத்திரையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். அந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியிருந்த நேரம் அது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதே 63 என்பதைப் பிற்பாடுதான் பிரித்துப் பேசினார்கள். அறுபதுக்குள் இருக்கிற அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆகாத, சூட்டால் நிஜமாகவே அவதிப்படுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்வதில் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் கோளாறு வந்தவர்களுக்கு அது ஆகாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. எதுவானாலும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும். ரயில் பெட்டி டாக்டர்கள் இல்லை.

இன்னொரு பேச்சும் எங்கள் பெட்டியில் அடிபடும்: "கர்ப்பப்பைய எடுத்துட்டா தொல்லை விட்டுது." கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் சின்ன வயதிலேயே இப்படி எடுத்துக்கொண்டது நாடு முழுக்கச் செய்தியானது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால், படிப்படியாக வர வேண்டிய சூடு ஒரே நாளில், இன்னும் கடுமையாக வரும். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் அப்படி ஆனது. கோட்டுப் பையில் எப்போதும் ஈரத் துண்டு வைத்திருப்பார். "தொல்லை விடல, புதுசா ஒண்ணு கட்டிக்கிச்சி" என்பார் சிரித்துக்கொண்டே.

வேர்ப்பதெல்லாம் மாதவிடாய் நிற்பதால்தான் என்று இருந்துவிடவும் கூடாது. தைராய்டு ஏறினாலும் வேர்க்கும், படபடக்கும். ராத்திரி வேர்வையோடு சாயங்காலக் காய்ச்சல், விடாத இருமல், எடை குறைவு இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்; அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மாதவிடாய் ஒரு வருஷம் நின்றபிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். இதில் வெட்கம் பார்த்தால் உயிருக்கே வினையாகலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெண், சிப்காட்டில் ஃபஸ்ட் ஷிப்ட் போகிறவள், போன வாரம் திண்ணைக்கு வந்தாள். கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மோர் கொடுத்தேன், டீயை ஆற்றிக் குடிக்கச் சொன்னேன், உள்ளே பருத்தி ஜாக்கெட்டாகப் போடச் சொன்னேன், சூடு ஏறும்போது பதறாமல் மெதுவாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி அத்தை, வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள்.

நான் சொன்ன விதத்தை அவளுக்குச் சொன்னேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எனக்கு மாசம் நின்னுபோச்சி, அதான் ராத்திரியில வேர்க்குது, ஃபேனை அஞ்சுல வெக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பேப்பர் கீழே இறங்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி ஃபேன் ஐந்தில் சுற்றியது. அவர் பரணிலிருந்து சபரிமலைக்குப் போன கம்பளிக் குல்லாவை எடுத்துக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். எனக்குச் சூடெல்லாம் தணிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது குளிருகிறது, ஃபேனைக் குறையுங்கள் என்றால் கேட்பதில்லை, பழகிவிட்டதாம்.