கம்பத்தின் மேல் ஒரு வெள்ளைப் பருந்து



கடந்த குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சியில் ஜும்ஆ முடித்துக் குடும்பத்தோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். சாலையோரக் கம்பத்தின் உச்சியில் யாரோ வெள்ளைத் துணியைச் செருகியிருப்பதாகத் தோன்றியது. நெருங்கியதும் அந்தத் துணி தலையைத் திருப்பியது. பருந்து!

இப்பகுதியில் செவ்வால் பருந்துகள் சாதாரணம். முதுகு பழுப்பு, வால் செங்கல் நிறம். இதற்கோ உடல் முழுதும் வெண்மை. வாலில் மட்டும் இரண்டொரு செந்நிற இறகுகள் எஞ்சியிருந்தன. கண்கள் கருமையாகவே இருந்தன. அல்பினிசம் என்றால் மெலனின் என்னும் நிறமி உடலில் எங்குமே உருவாகாது; கண்களும் இளஞ்சிவப்பாகத் தெரியும். இது லூசிசம் எனப்படும் நிலை; இறகுகளில் நிறமி சேர்வதில்லை. (அரபுகள் பெருவிலை கொடுத்து வாங்கும் வெண்ணிற ஜிர்பால்கன் வேறு, வெண்மை அதன் இயல்பான நிறங்களுள் ஒன்று.) சில பருந்துகள் வழக்கமான நிறத்தில் வளர்ந்து, இறகு உதிர்த்து முளைக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாக வெளுத்துவிடுவதும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தியை வீட்டில் வாசித்தபோது எங்கள் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு வயது 11. இரண்டு ஆண்டுகளாக விரல்களிலும் முழங்கையிலும் வெண்புள்ளிகள் பரவிவருகின்றன. தொற்றாது, அஞ்ச வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் ஊரிலிருந்து சாச்சி தொலைபேசியில், "அந்தக் குஷ்டம் எப்படி இருக்கு? நாளைக்கு நிக்காஹ் பேசணுமே" என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. பெரியவராயிற்றே என்று நாங்கள் அன்று மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் எங்களை உறுத்துகிறது. அதன்பின் கோடையிலும் அவள் கையுறை கேட்டாள்.

"வாப்பா, மத்தப் பருந்தெல்லாம் அதைச் சேத்துக்குமா?" என்றாள்.

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை. வெண்மை இரையின் கண்ணில் எளிதாகப் படும். மெலனின் இல்லாத இறகு விரைவில் தேயும். ஆயினும் இத்தகைய பருந்துகள் பல ஆண்டுகள் வாழ்ந்ததையும், வழக்கமான நிறமுடைய துணையோடு கூடு கட்டியதையும் பறவை நோக்குவோர் கண்டிருக்கிறார்கள். இரண்டையும் சொன்னோம். ஃபாத்திர் சூராவின் 27, 28ஆம் வசனங்கள் மலைகள், மனிதர்கள், உயிரினங்கள் ஆகியவற்றின் நிற வேறுபாடுகளைப் பேசுவதை அவளே நினைவூட்டினாள், மத்ரஸாவில் ஓதியதாம்.

அன்றிரவே சாச்சியை அழைத்தோம். "அதுக்குப் பேரு வெண்புள்ளி, சாச்சி. இனிமே அந்தச் சொல்லு வேணாம்" என்றோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "புள்ளகிட்ட போனைக் குடுங்க" என்றார்.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை அந்தக் கம்பம் வெறுமையாக இருந்தது.