ஸபாவிலிருந்து மர்வா வரை

தரம் ஆறில் சேர்ந்து இரண்டாவது கிழமை. காலைக் கூட்டம் முடிந்ததும் விளையாட்டுப் பொறுப்பாசிரியை ஒரு நீளமான பதிவேட்டுடன் எங்கள் வகுப்புக்கு வந்தார். சேர்விலக்கத்தை வாசித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் இல்லத்தின் பெயரைச் சொன்னார். ஸபா, மர்வா, ஹிரா. மீண்டும் ஸபா, மர்வா, ஹிரா. எனக்கு மர்வா கிடைத்தது. முதலாம் தரத்திலிருந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்த தோழிக்கு ஸபா கிடைத்தது. நான் அழுதுவிட்டேன்.

இடைவேளையில் நீலப் பட்டி அணிந்த ஓர் உயர்தர ராத்தா என்னிடம் வந்தார். "ஏன் புள்ள அழுறீங்க?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தனது தண்ணீர்ப் போத்தலைத் தந்து, "குடிங்க. ஸபாக்குப் பக்கத்துலதானே மர்வாவும் இரிக்கி" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்த வார்த்தையின் பொருள் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன.

இல்லம் என்ற இந்த ஏற்பாடு இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் தோன்றியது. அங்கே மாணவர்கள் உண்மையாகவே வெவ்வேறு வீடுகளில் தங்கிப் படித்தார்கள். அந்த வீடுகளே பாடசாலையின் பிரிவுகளாயின. ஆங்கிலேயர் காலத்தில் அது எமது நாட்டுக்கும் வந்தது. காலையில் வந்து பிற்பகலில் வீடு திரும்பும் எமக்குத் தங்குவதற்கு இல்லம் கிடையாது. பெயரும் நிறமும் கொடியும்தான் உண்டு. வருடத்தில் ஒரு நாள், விளையாட்டுப் போட்டியன்று, மைதானத்தின் ஓரத்தில் ஒரு குடில் எழும்பும். மாலையில் அதையும் பிரித்துவிடுவோம்.

ஆனாலும் இல்லத்தில் கிடைக்கும் ஒன்று வகுப்பறையில் கிடைப்பதில்லை. வகுப்பில் எல்லோரும் ஒரே வயது. ஒரே பாடம், ஒரே பரீட்சை. வகுப்பு ஏணியின் ஒரு படி என்றால், இல்லம் முழு ஏணி. தரம் ஆறு தங்கையும் உயர்தர ராத்தாவும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அதுதான். எனக்குத் தண்ணீர் தந்த ராத்தாவை வேறு எந்த வழியிலும் நான் அறிந்திருக்க முடியாது.

2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் மூடப்பட்டன. அந்த வருடங்களில் இல்லம் என்பது அலுமாரியில் கிடந்த ஒரு நீலப் பட்டி மட்டுமே. போட்டிகள் மறுபடி தொடங்கியபோது அணிநடை எப்படிப் பழகுவது என்பதைக்கூடப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இந்த வருடம் நான் மர்வாவின் இல்லத் தலைவி. பதவிச் சின்னம் குத்தப்பட்ட அன்றே எனக்கு ஒரே எண்ணம்தான்: வெல்ல வேண்டும். கடந்த முறை ஹிரா இல்லத்தினர் ரெஜிபோமினால் பெரிய நுழைவாயில் ஒன்று செய்து இல்ல அலங்காரத்தில் முதலிடம் பெற்றிருந்தார்கள். நாங்கள் அதைவிடப் பெரிதாகச் செய்யத் திட்டமிட்டோம். இல்லத்தில் 140 பேர். ஆளுக்கு 500 ரூபா என்றால் 70,000 ரூபா. கணக்கு இலகுவாக இருந்தது.

மூன்றாம் நாள் முடிவில் 31 பேர் காசு கொடுத்திருக்கவில்லை. நான் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். அணிநடைப் பயிற்சிக்காக எல்லோரும் வரிசையில் நின்றபோது அவற்றை உரத்து வாசித்தேன். "நாளைக்குக் கட்டாயம் கொண்டு வரணும். இது நம்மட இல்லத்துட மானம்" என்றும் சொன்னேன். அடுத்த நாள் 22 பேர் கொண்டு வந்தார்கள். மிச்சம் ஒன்பது பேர். என் கொப்பியில் அது நல்ல முன்னேற்றமாகத் தெரிந்தது.

அந்த ஒன்பது பேரும் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை 14 வயதுக்குட்பட்ட அஞ்சலோட்ட அணியை அழைத்தேன். மூன்று பேர்தான் வந்து நின்றார்கள். இரண்டாவதாக ஓட வேண்டிய தரம் எட்டுத் தங்கை இல்லை. மூன்று நாட்களாக அவள் பாடசாலைக்கே வரவில்லை என்றார்கள். அவள் வேகமாக ஓடாதவளாக இருந்திருந்தால் நான் தேடியே இருக்கமாட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்று பிற்பகல் உப தலைவியையும் அழைத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஊறவைத்த தென்னோலைகள் குவிந்திருந்தன. அவளுடைய உம்மா கிடுகு பின்னிக்கொண்டிருந்தார். அதை விற்றுத்தான் அந்த வீடு நடக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கியது. "வாங்க மகள், இரிங்க" என்று பாயை விரித்தார். அவள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"வகுத்துவலி எண்டு செல்றாள். மூணு நாளா இதத்தான் செல்றாள். சோறு திங்கிறாள்தானே, இது என்ன வகுத்துவலி? பள்ளிக்கூடத்துல ஏதும் நடந்ததா மகள்?" என்று அவர் கேட்டார்.

காசைப் பற்றி அவள் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். பெயர் வாசித்ததையும் சொன்னேன். அவருடைய கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு ஓலையைப் பார்த்தபடியே சொன்னார்: "500 ரூபாய நான் எப்படியும் தேடிக் குடுத்திருப்பேன் மகள். அது அவளுக்குத் தெரியும். அதாலதான் அவள் கேக்கல்ல."

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி தன் உம்மாவைக் காப்பாற்றத் தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவளைத்தான் இல்லத்தின் மானத்தைக் கெடுக்கிறவள் என்று நான் வாசித்தேன்.

மறுநாள் இல்லப் பொறுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. "பெயர் வாசிச்ச இடத்துலேயே போய்ப் பேசுங்க" என்று மட்டும் சொன்னார். அதே வரிசைக்கு முன்னால் நின்று, நான் செய்தது பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சேர்ந்த காசைத் திருப்பிக் கொடுப்பதென்றும், கையில் கிடைப்பதைக் கொண்டே குடில் கட்டுவதென்றும் தீர்மானித்தோம். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. "இப்ப நாமதான் கடைசியா வரப்போறம்" என்று என் வகுப்புத் தோழிகளே முகம் சுளித்தார்கள்.

மற்ற எட்டுப் பேரையும் தேடினோம். எல்லோருக்கும் காசு மட்டும் காரணமாக இருக்கவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல். தரம் ஒன்பதில் படிக்கும் ஒருத்தி மட்டும் என்னிடம் நேராகக் கேட்டாள்: "எனக்கு ஓட ஏலா. பாய ஏலா. நான் வந்தா என்ன ராத்தா, வராட்டி என்ன?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. புள்ளிக் கணக்கின்படி அவள் கேட்டது நியாயம். முதலாமிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. ஒருத்தி வராமல் விட்டால் அதற்கு எந்தப் புள்ளியும் குறைவதில்லை. அதனால்தான் எங்கள் கண்ணில் படுவதுமில்லை. அவளிடம், "எனக்கும் தெரியாது, வந்து பாருங்க" என்றுதான் சொல்ல முடிந்தது. வந்தாள். அவளுடைய கையெழுத்து முத்துப்போல் இருந்தது. இல்லத்தின் பெயர்ப் பலகையை அவள்தான் எழுதினாள்.

கிடுகு பின்ன எங்களுக்குப் பழக்கியவர் அந்தத் தங்கையின் உம்மா. இரண்டு பிற்பகல்கள் மைதானத்துக்கு வந்து, உயர்தர மாணவிகளான எங்களுக்கு ஓலை மடிக்கக் கற்றுக் கொடுத்தார். எங்கள் கை கோணலாகப் போகும்போது அவருடைய மகள் பக்கத்தில் இருந்து திருத்தினாள். கரையில் தொங்கவிட வீடுகளிலிருந்து பழைய நீலச் சாரிகள் வந்தன.

போட்டி நாளன்று அலங்காரத்தில் எங்களுக்கு மூன்றாமிடம். இருந்தது மூன்று இல்லங்கள்தான். நடுவர்களைக் குறை சொல்வதற்கில்லை; ஹிராவின் வாயில் அழகாகத்தான் இருந்தது. அஞ்சலோட்டத்தில் இரண்டாமிடம். மொத்தத்தில் ஸபா வென்றது, நாங்கள் இரண்டாவது. ஆனால் உச்சி வெயிலில் ஒன்று நடந்தது. மற்றக் குடில்களின் தறப்பாள் கூரை கொதித்தது. எங்கள் கிடுகுக் கூரையின் கீழ் குளிர்ச்சியாக இருந்தது. பச்சைப் பட்டியும் சிவப்புப் பட்டியும் அணிந்த சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உள்ளே குந்தினார்கள். பின்னால் ஸபாவில் இருக்கும் என் பழைய தோழியும் வந்தாள். "கொஞ்சம் தள்ளி இரி" என்று சொல்லி, முதலாம் தரத்தில் இருந்ததுபோல என் பக்கத்தில் அமர்ந்தாள்.

விளையாட்டுப் போட்டி முடிந்ததும் இல்லமும் முடிந்துவிடுவதுதான் வழக்கம். இம்முறை பொறுப்பாசிரியையிடம் அனுமதி பெற்று, புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பின் அரை மணி நேரம் கூடுகிறோம். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாதாரண தரம் எழுதி முடித்தவர்களின் வினாத்தாள் தொகுப்புகள் அடுத்தவர்களின் கைக்குப் போகின்றன. மூன்றாவது கிழமை ஒரு ஹிராப் பிள்ளை வாசலில் நின்று, "இது மர்வாக்கு மட்டுமா ராத்தா?" என்று கேட்டாள். உள்ளே வரச் சொன்னோம். இப்போது மூன்று நிறங்களும் வருகின்றன.

இல்லப் போட்டியில் தெரிவானவர்கள் அதன்பின் கல்லூரி அணியாகத்தான் வலய மட்டத்துக்குப் போவார்கள். அங்கே பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. அஞ்சலோட்டத்தில் முதலாவதாக ஓடியவள் ஸபா மாணவி. இரண்டாவது எங்கள் தங்கை. ஸபாவின் கையிலிருந்து மர்வாவின் கைக்குக் கோல் மாறியபோது, தரம் ஆறில் அந்த ராத்தா சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது.

ஸபாவும் மர்வாவும் மக்காவிலுள்ள இரண்டு குன்றுகள். குர்ஆனில் அவ்விரு பெயர்களும் ஒரே வசனத்தில் சேர்ந்தே வருகின்றன. பச்சிளம் பாலகன் இஸ்மாயீல் (அலை) தாகத்தால் தவித்தபோது, அன்னை ஹாஜரா (அலை) தண்ணீர் தேடி அந்த இரண்டுக்குமிடையே ஏழு தடவை ஓடினார்கள். இன்றும் ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்கள் ஸபாவில் தொடங்கி மர்வாவில் தங்கள் தொங்கோட்டத்தை முடிக்கிறார்கள். ஒரு குன்றில் மட்டும் நின்றால் அந்த அமல் நிறைவேறாது. எந்தக் குன்று பெரிது என்று அங்கே யாரும் கேட்பதுமில்லை. அந்த ஓட்டம் யாரையும் முந்துவதற்கான ஓட்டம் அல்ல, தாகித்திருந்த ஒரு பிள்ளைக்கான ஓட்டம்.

எங்கள் இல்லங்களுக்கு இந்தப் பெயர்களை வைத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். அந்தத் தங்கையிடமும் அவளுடைய உம்மாவிடமும் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன். "பேரப் போடாம எழுதுங்க ராத்தா" என்றாள். ஒருமுறை உரத்து வாசித்த பெயரை இம்முறை நான் எழுதவில்லை.

அடுத்த வருடம் இல்லத் தலைவியாக வரப்போகும் தங்கைக்கு அந்த 140 பெயர்களும் உள்ள கொப்பியை ஒப்படைப்பேன், இன்ஷா அல்லாஹ். காசுக் கணக்குப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். முதற் பக்கத்தில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: "பெயர்களைக் கூப்பிடுங்கள். பதில் வராத பெயரின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்."